மழைக்காலத்தில் இறுகும் மரக்கதவு: ஓரத்தைச் சீவலாமா?

கேள்வி (கடலோரவாசி)

வணக்கம். நாகப்பட்டினத்தில் உள்ள எங்கள் வீட்டில் படுக்கையறைக் கதவு வேப்பமரத்தில் செய்தது. ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து, பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையில் உரசுகிறது; தோளால் இடித்தால்தான் கதவு மூடுகிறது. கீழ்மூலை தரையில் வளைவாகக் கோடு கிழித்திருக்கிறது. தாழ்ப்பாளும் நிலையில் உள்ள துளைக்கு நேராக வருவதில்லை. சிறு வேலைக்குத் தச்சர் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். ஓர் இழைப்புளியை இரவல் வாங்கி நானே ஓரத்தைச் சீவிவிடலாமா? எவ்வளவு சீவலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (மரத்தூள்)

இழைப்புளியை இப்போதைக்குத் தொடாதீர்கள் ஐயா. ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும் மரத்தை அப்போதைய அளவுக்குச் சீவிவிட்டால், சித்திரை வெயிலில் அது சுருங்கும்போது அடுத்த அறை விளக்கு வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடுக்கு விழுந்துவிடும். சீவிய மரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது.

அதைவிட முக்கியமாக, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மரம் உப்பியதை மட்டும் காட்டவில்லை. மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் பெருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய பெருப்பதே இல்லை; ஆகவே வெறும் உப்பலாக இருந்தால், பூட்டுப் பக்கத்து ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறுகியிருக்க வேண்டும். உங்கள் கதவோ மேல்மூலையில் நிலையை முட்டி, கீழ்மூலையில் தரையைத் தேய்க்கிறது. கதவு தொங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கதவை மூடிவைத்துக் கீல் பக்கத்து இடுக்கைப் பாருங்கள். மேல்கீலின் அருகே அது அகன்றும், கீழே வரவரக் குறுகியும் இருந்தால் சந்தேகமே இல்லை. பிறகு கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல்கீல் அசைந்தால் அதன் திருகாணிகள் பிடிப்பை இழந்துவிட்டன என்று பொருள்.

கடலோரவாசி

நன்றி. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மேல்கீலில் நிலைப் பக்கத்துத் திருகாணிகள் இரண்டு, திருப்புளியால் எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சும்மா சுற்றுகின்றன. கீழ்க்கீல் கெட்டியாக இருக்கிறது.

பதில் (மரத்தூள்)

துளை தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். கதவின் பூட்டுப் பக்கத்து அடியில் மடித்த செய்தித்தாளையோ மர ஆப்பையோ செருகி, கதவின் பாரம் கீலில் விழாதபடி தாங்கவையுங்கள். ஒரே கீலில்தான் வேலை என்பதால் கதவை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருப்பது நல்லது. அந்தத் திருகாணிகளை எடுத்துவிட்டு, மூங்கில் குச்சியையோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ ஃபெவிக்காலில் தோய்த்து, துளை இறுக நிரம்பும்வரை அடித்து இறக்குங்கள். மழைக்காலத்தில் பசை மெதுவாகத்தான் காயும் என்பதால் ஓர் இரவு முழுதும் விட்டுவிட்டு, மறுநாள் நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் மட்டமாக வெட்டி, மெல்லிய துளை போட்டுத் திருகாணியை ஏற்றுங்கள். நிலைச்சட்டம் தடிமனாக இருந்தால் அதே பருமனில் சற்று நீளமான திருகாணி போடுவது இன்னும் உறுதி. திருகாணியின் மரையில் சோப்பைத் தடவினால் வேப்பமரத்தில்கூடச் சிரமமின்றி இறங்கும்.

இதற்குப் பிறகும் கீழ்மூலை லேசாகத் தேய்த்தால், கீழ்க்கீலின் தகட்டுக்கும் நிலைக்கும் இடையில் கெட்டி அட்டைத் துண்டு ஒன்றை வைத்துத் திருகுங்கள். கதவின் அடிப்பகுதி வெளியே தள்ளப்படுவதால் பூட்டுப் பக்கம் மேலே எழும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். துளை போடும்போது மரத்தூளுக்குப் பதிலாக மண் உதிர்ந்தாலோ, நிலையைத் தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலோ அது கரையான். அப்போது குச்சி அடித்துப் பயனில்லை. மருந்தடிப்பவரை அழைப்பதுதான் வழி.

பதில் (மேல்மாடி)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, கீலைச் சரிசெய்யும் முன் நிலையில் உள்ள துளையை அகலப்படுத்திவிடாதீர்கள். கதவு பழைய இடத்துக்கு வந்தால் தாழ்ப்பாளும் தானாகவே வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், தாழ்ப்பாள் கம்பியின் நுனியில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தொட்டுவைத்துக் கதவைச் சாத்தித் தாழிட முயலுங்கள். கறை படும் பக்கத்தை மட்டும் அரத்தால் ராவினால் போதும்.

கீல் கிரீச்சிடுமானால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் கைக்கெட்டுவது அதுதான் என்றாலும், தூசியோடு சேர்ந்து நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கதவைப் பலமுறை திறந்து மூடுங்கள்.

மாசி, பங்குனியில் மரம் நன்றாக உலர்ந்த பிறகும் ஓரம் உரசினால் அப்போது இழைக்கலாம். நிலையில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், முட்டும் இடம் கதவில் வெள்ளையாகப் பதியும். அங்கே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். ப்ளைவுட் கதவு வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய மரச்சட்டத்தைத் தாண்டிச் சீவினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் வெளிப்பட்டு ஈரம் நேராக உள்ளே போகும்.

இழைத்த ஓரத்துக்கு அன்றே பிரைமர் பூசுங்கள். கதவின் தலைப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் சேர்த்தே பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயிண்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்த இரண்டையும்தான், ஆனால் மரம் ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது இழைகள் வெட்டுண்டு நிற்கும் அவ்விடங்களில்தான். அடிப்பக்கத்துக்குப் பூச மட்டும் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும்போது கீழ்க்கீலை முதலிலும் மேல்கீலைக் கடைசியிலும் கழற்றுங்கள். மாட்டும்போது மேல்கீல் முதலில்.