டிபக்கர் ஆவணத்தை ரிவ்யூ செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், என்னுடையது இது

பினாங்கு பாயான் லெப்பாஸில் சர்க்யூட் போர்டு சோதனை செய்கிற ஒரு இடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் சோதனையில் பாதி, ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி டிபக்கருக்குள் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்டுகளை நம்பித்தான் நடக்கிறது. புரோகிராம் நின்றால், முடிந்தால், புது லைப்ரரி ஏறினால் டிபக்கர் ஓர் ஈவென்ட், அதாவது ஓர் அறிவிப்பு, அனுப்பும், நாம் கனெக்ட் செய்து வைத்த ஃபங்ஷன் ஓடும். இதைப் பற்றி எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு கையேடு எழுதினார். மூல ஆங்கில ஆவணத்தைப் படித்து, நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சுருக்கி, நன்றாகவே எழுதியிருந்தார். ரிவ்யூ என்னிடம் வந்தது. பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தேன், எழுத்துப்பிழை நாலைந்தைத் திருத்தினேன், அரை மணி நேரத்தில் சரி என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்துக் குழுவில் ஒரு பிரச்சினை. ஒரு பஃபரில், அதாவது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி இடத்தில், இருக்கிற மதிப்பை யாரோ அழிக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. அவர்கள் எங்கள் கையேட்டைப் பார்த்து ‘மெமரி சேஞ்ச்ட்’ ஈவென்ட்டுக்கு ஃபங்ஷன் எழுதிக் கனெக்ட் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். இரண்டு நாள். ஓர் ஈவென்ட்கூட வரவில்லை, பஃபர் மட்டும் கெட்டுக்கொண்டே இருந்தது. புரோகிராம் எதுவும் எழுதவில்லை, ஹார்டுவேர்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்து போர்டையே ஓரம் கட்டிவிட்டார்கள்.

கையேட்டில் இருந்த வரி இது: புரோகிராமின் மெமரி மாறும்போது இந்த ஈவென்ட் வரும். மூல ஆவணமோ டிபக்கரைப் பயன்படுத்துபவர் மாற்றினால் என்று சொல்கிறது, அதாவது நாம் டிபக்கரில் உட்கார்ந்து ‘செட்’ கட்டளை போட்டு ஒரு முகவரியில் எழுதினால்தான் வரும். புரோகிராம் தானே ஓடி எழுதுவதற்கு இந்த ஈவென்ட் கிடையாது, அதற்கு, மதிப்பு மாறியவுடன் புரோகிராமை நிறுத்தும் வாட்ச்பாயிண்ட் வைக்க வேண்டும். ‘பயன்படுத்துபவர்’ என்ற அந்த ஒரு சொல் சுருக்கும்போது விழுந்துவிட்டது. தம்பி விட்டதை நான் பிடித்திருக்க வேண்டும், ரிவ்யூ என்பதே அதற்குத்தானே. வாட்ச்பாயிண்ட் வைத்த ஒரு மணி நேரத்தில் ஆள் அகப்பட்டது, ஓர் அர்ரேயின் எல்லையைத் தாண்டி எழுதுகிற எங்களுடைய சொந்தப் புரோகிராம்தான்.

அப்புறம் தம்பியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையேடு முழுவதையும் மறுபடி பார்த்தோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்தாறு வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வாக்கியம். நிற்கும் ஈவென்ட்டில் ‘இன்ஃபீரியர் த்ரெட்’ என்றால் நின்ற த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓர் ஓட்டம்) என்று எழுதியிருந்தார். ஒரு த்ரெட் நின்றாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும் நான்-ஸ்டாப் முறையில் அது உண்மை, அவர் அதில்தான் சோதித்திருந்தார். எல்லாத் த்ரெட்டும் சேர்ந்து நிற்கிற வழக்கமான முறையில் அங்கே ‘நன்’தான், அதாவது பைத்தானில் ஒன்றுமில்லை என்ற மதிப்புதான் இருக்கும். பிரேக்பாயிண்டை, அதாவது புரோகிராம் நிற்க நாம் குறித்து வைக்கும் இடத்தை, தரும் ‘பிரேக்பாயிண்ட்’ என்ற பழைய பண்பையும் சொல்லியிருந்தார். அது முதலில் தட்டிய ஒன்றை மட்டும் தரும், பழைய ஸ்கிரிப்டுகளுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள், ஒரே இடத்தில் இரண்டு வைத்திருந்தால் இரண்டையும் பார்க்க ‘பிரேக்பாயிண்ட்ஸ்’ என்ற பன்மைதான் வேண்டும். ஓர் எழுத்து வித்தியாசம், கண்ணால் மட்டும் படித்தால் தெரியவே தெரியாது.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

— பாயான் லெப்பாஸ்காரன்

பாயான் லெப்பாஸ் தம்பி, எனக்கும் நடந்தது, கோலாலம்பூரில். இரவு முழுக்க ஓடும் சோதனை, புரோகிராம் முடியும் ஈவென்ட்டில் ‘எக்ஸிட் கோடு’, அதாவது எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், எடுத்து ஃபைலில் எழுதுகிற ஸ்கிரிப்ட். எங்கள் குறிப்பில் ‘எக்ஸிட் கோடு, கிடைத்தால்’ என்று இருந்தது, நானே ரிவ்யூ செய்து விட்டது. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை, ‘நன்’ வரும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. டிபக்கர் புரோகிராமை விட்டுப் பிரிந்தால், அதாவது டிடாச் செய்தால், அந்தப் பண்பே ஈவென்ட்டோடு வரும் ஆப்ஜெக்டில் இருக்காது. தொட்டவுடன் பிழை, ஃபங்ஷனில் மீதி வரிகள் ஓடாது, ஃபைல் காலி. ஜிடிபி இயல்பாகப் பிழைச் செய்தியை மட்டும்தான் காட்டும், எந்த வரியில் என்று முழு ஸ்டாக்கைக் காட்டாது, அதற்கு ‘செட் பைத்தான் பிரிண்ட்-ஸ்டாக் ஃபுல்’ போட வேண்டும். அது தெரியாமல் ஒரு வாரம் லாகைப் புரட்டினேன். இப்போது யார் ஆவணத்தில் ‘கிடைத்தால்’ என்று எழுதினாலும் இல்லாவிட்டால் என்ன என்று பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன், இரண்டு பேருக்கு என்மேல் கோபம்கூட.

— செந்தூல் அக்கா

என்னுடையது சின்னது. டிபக்கர் நம் கட்டளைக்குக் காத்து நிற்கும் பிராம்ப்ட்டுக்கு முன் வரும் ‘பிஃபோர் பிராம்ப்ட்’ ஈவென்ட்டுக்கும் மற்றதைப் போல ஒரு ஆர்கியுமென்ட் (ஃபங்ஷன் வாங்கிக்கொள்ளும் மதிப்பு) வைத்து எழுதியிருந்த உதாரணத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஈவென்ட் எதையும் சுமந்து வராது, ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்டே கிடையாது. பிராம்ப்ட் வரும் ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் பிழை வந்தது. உதாரணத்தைக் காப்பி செய்து ஒரு தடவை ஓட்டியிருந்தால் போதும்.

— பட்டர்வொர்த்

அக்கா, ‘கிடைத்தால்’ எங்கள் கையேட்டிலும் இருந்தது, நேற்றே திருத்திவிட்டோம், நன்றி. மூல ஆவணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஓர் இடத்தையும் சொல்கிறேன், ‘போஸ்ட் ஈவென்ட்’ பற்றிய பகுதி. வேறு த்ரெட்டிலிருந்து ஜிடிபியின் ஃபங்ஷன்களை நேராகக் கூப்பிடக்கூடாது, இதன் வழியாக வரிசையில் போட வேண்டும். போட்ட வரிசையிலேயே ஓடும் என்று உறுதி சொல்லிவிட்டு, ஜிடிபிக்குள் நடக்கிற மற்ற ஈவென்ட்டுகளுக்கு முன்னாலா பின்னாலா என்பதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். தம்பி சுருக்கும்போது அந்த இரண்டாவது பாதியையும் எடுத்திருந்தார். அதை அப்படியே திருப்பி வைக்கச் சொன்னேன், வைத்துவிட்டார். ஓரம் கட்டிய போர்டும் திரும்ப மேசைக்கு வந்துவிட்டது.

— பாயான் லெப்பாஸ்காரன்