சம்பந்தி வீட்டு விருந்தில் அப்பாவை எப்படிக் காப்பாற்றுவது?

மன்னார்குடியான்:
தங்கையைக் கொடுத்த இடம் திருவையாறு. ஆடிப்பெருக்குக்கு அங்கேதான் சாப்பாடு. சம்பந்தி மாமா நல்ல மனுஷர்தான், ஆனால் பரிமாறும் கையும் நிற்காது, வாயும் நிற்காது. அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். போன தடவை வேண்டாம் என்று இலைமேல் கையை வைத்து மறைத்தார். மாமா அசோகாவை, அதான் அந்தப் பாசிப்பருப்பு அல்வாவை, அந்தக் கைமேலேயே வைத்தார். நெய் விரலிடுக்கில் வழிய, "ஒரு நாள் தின்னா செத்தா போயிடுவீங்க?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சிரிப்பு வேறு. அப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டார். பெண் கொடுத்த இடமாயிற்றே. எனக்குச் சுருக்கென்று பதில் சொல்லத் தெரியும். மறுநாள் வாங்கிக் கட்டிக்கொள்வது தங்கை. போகாமலும் இருக்க முடியாது. என்ன செய்யலாம்?

குடந்தைக்காரி:
பந்தியில் வாயே திறக்காதீங்க தம்பி. முந்தின நாளே உங்க தங்கை மாமியாருக்குப் போன் போடுங்க, மாமாவுக்கு இல்லை. "அத்தை, அப்பா பங்கு அசோகாவைக் கட்டிக் கொடுத்துடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம்" என்று கேட்டு வாங்குங்க. வேண்டாம் என்றால்தான் அவங்களுக்குக் குறை. அப்பா பக்கத்திலேயே நீங்க உட்காருங்க. மாமா கரண்டியோடு வந்தால், "மாமா, வத்தக்குழம்பு எனக்கு இன்னும் கொஞ்சம்." அந்தக் கைக்கு ஏதாவது வேலை வேணும், அவ்வளவுதான்.

தஞ்சை ராஜா:
இத்தனை சுற்று எதுக்கு? முகத்துக்கு நேரே சொல்லிட வேண்டியதுதானே.

குடந்தைக்காரி:
உங்களுக்குத் தங்கச்சி இல்லைன்னு தெரியுது.

மயிலாடுதுறை நர்ஸ்:
அசோகாவை விடுங்க. விருந்து வீட்டில் 12 மணி என்றால் இலை விழ 2 ஆகும். ஊசியைப் போட்டுக்கொண்டு இலைக்குக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். அன்றைக்கு ஊசியை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். அப்புறம், "பாசிப்பருப்புதானே, உடம்புக்கு நல்லது" என்று மாமா சொன்னால் நம்பாதீங்க; அதில் போடுகிற சர்க்கரை கொஞ்சநஞ்சமில்லை. எலுமிச்சை, தேங்காய், புளியோதரை என்று வரிசையாக வருமே, அத்தனையும் சோறுதான். எல்லாவற்றிலும் ஒரு கை போதும்.

மன்னார்குடியான்:
ஊசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அக்கா. அத்தைக்குப் போன் போட்டாச்சு. தூக்கு நீங்க கொண்டு வரீங்களா, நாங்களே தரட்டுமா என்றுதான் முதலில் கேட்டார்கள். மாமாவைப் பற்றி நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.