புதுப்பிப்பு: சைக்கிளுக்கு வாங்கிய நீர்புகாப் பை, 6 மாதத்துக்குப் பிறகு

தினமும் சைக்கிளில் லேப்டாப் கொண்டுபோக, மழைக்கும் உழைப்புக்கும் தாங்கும் முதுகுப்பை எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, வாயைச் சுருட்டி மூடும் பையையே வாங்கினேன்.

பழைய பையில் தண்ணீர் துணி வழியாக வரவில்லை. ஜிப்பிலும் தையல் ஓட்டைகளிலும்தான் புகுந்தது. புதியதில் முக்கிய இணைப்புகளில் தையலே இல்லை. டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக் பூசிய துணியை வெப்பத்தால் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கொட்டிய மழையிலும் உள்ளே ஒரு சொட்டு இல்லை, அவ்வளவு நிம்மதி! ஆனால் வாயை 3 சுற்றாவது சுருட்ட வேண்டும். ஒருநாள் பையில் நிறையத் திணித்துவிட்டு, சுருட்ட இடமில்லாமல் ஒரே சுற்றோடு கிளம்பினேன், நோட்டுகள் நனைந்துவிட்டன. அதனால் தேவையைவிட 5 லிட்டராவது பெரிதாக வாங்குங்கள்.

டெனியர் (துணி நூலின் கனத்தைக் காட்டும் அளவு) எவ்வளவு என்று கேட்டவருக்கு: என்னுடையது 600. அடிப்பாகம் இன்னும் தேயவில்லை.

அப்புறம் முதுகு வியர்வை. அது குறைந்தபாடில்லை. தண்ணீர் புகாத துணியில் ஈரமும் வெளியேறாது என்பதால், நனைந்த மழைக்கோட்டை உள்ளே வைக்காமல் வெளியே கட்டிக்கொள்கிறேன். மார்புப் பட்டை இல்லாத பை மட்டும் வேண்டாம். குனிந்து மிதிக்கும்போது தோள்வார் நழுவிக்கொண்டே இருக்கும்.