ரிக்கார்டு சேர்த்துப் பட்ட பாடு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வடசேரி

ஜூன் வந்துவிட்டது. எனக்கு அது பூஞ்சை மாதம். மற்ற மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மழைக்காலம்தான், நம் குமரிக்கு இரண்டு. தென்மேற்கு ஓய்ந்து, ரிக்கார்டுகளை எடுத்து நிழலில் உலர்த்தலாம் என்று நினைப்பதற்குள் ஐப்பசியில் அடுத்தது வந்துவிடும். நேற்று அலமாரியைத் திறந்தால் பதினொரு எல்.பி. (பெரிய வினைல் இசைத்தட்டு) மேல் வெள்ளை வெள்ளையாகக் கோலம்.

அதுகூடப் பரவாயில்லை, துடைத்தால் போகும். துடைத்தும் போகாத ஒன்று இருக்கிறது.

தக்கலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கோயில் கொடை, கல்யாணம், சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் தென்னையில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட கை. "மச்சுல கெடக்கு மக்களே, ஏறி எடுத்துக்கோ" என்றார். நூற்றுச் சொச்சம் இருந்தன. முதல் உறையை உருவினேன். கண்ணாடி மாதிரி மின்னியது, ஒரு கீறல் இல்லை. ஆனால் விரலில் ஏதோ பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

"வருசத்துக்கு ஒருக்கா துணியில தொட்டுத் தேச்சு வைப்பேன். இல்லேன்னா வெளுத்துப் போவும்லா" என்றார் பாட்டா, பெருமையாக. நான் என்ன சொல்ல? "ஆமா பாட்டா" என்றேன்.

எத்தனையோ வருடத்து எண்ணெய், அதில் ஒட்டிய அத்தனை வருடத்துத் தூசி. ஊசி ஓடும் பள்ளம் தலைமுடியை விட மெல்லியது. அதற்குள் இந்தக் குழம்பு இறங்கி, காய்ந்து, மெழுகாகியிருந்தது. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஊசி முனையில் அழுக்கு உருண்டை கட்டி, பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிட்டது.

இப்போது தினமும் ராத்திரி இதுதான் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. நடு லேபிளில் ஈரம் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய பிரஷ். கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல். ஒரு தட்டுக்கு அரை மணி நேரம், இதுவரை 34 முடிந்திருக்கின்றன. "இந்த அக்கறையில கால்வாசி சோத்துப் பானை மேல உண்டா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இதில் பாதி உறைக்குள் வேறு தட்டு. கொடை ராத்திரி இருட்டில் கைக்குக் கிடைத்த உறையில் சொருகியிருக்கிறார். பக்திப் பாட்டு உறைக்குள் சினிமாக் கதைவசனத்தின் இரண்டாம் தட்டு. முதல் தட்டு எங்கே? பாட்டாவுக்கும் தெரியாது. கிளைமாக்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குளச்சல்

உங்களுக்கு எண்ணெய், எங்களுக்கு உப்பு. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஒரு நாள் இடது ஸ்பீக்கர் பேசவில்லை. ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் என்னென்னவோ மாற்றி 800 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே ஊமைதான். அப்புறம் ஊசித்தலையைக் கழற்றிப் பார்த்தால், நான்கு பின்னிலும் பச்சைக் களிம்பு. பிள்ளையின் பென்சில் டப்பாவிலிருந்து அழிப்பானை எடுத்துத் தேய்த்தேன். பேசிவிட்டது. பிள்ளைதான் இன்னும் பேசவில்லை.

அருமனை

சிரிக்காமல் படியுங்கள். எங்கள் வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம். பால் வெட்டி, ஷீட் அடித்துப் பிழைக்கிற ஊர். ஆனால் என் டர்ன்டேபிளுக்கு ஒரு ரப்பர் பெல்ட் இங்கே கிடைக்காது. பழையதைக் கழற்றினால் தார் மாதிரி கையில் ஒட்டியது. கூரியரில் வரவழைத்தது தொளதொளவென்று வழுக்கி, பெண் குரலெல்லாம் ஆண் குரலாக இழுத்தது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டேன். ஒரே கனத்தில் வெட்ட வருமா? பாடகர் தோணியில் உட்கார்ந்து பாடுவது போல் இருந்தது.

ஊசி தாவினால் தலையில் 25 காசை வைப்பது எங்கள் அப்பாவின் வைத்தியம். காண்டாமிருகம் போட்ட அந்த எஃகு நாணயம் ஏறக்குறைய 3 கிராம். 2 கிராம் பாரத்தில் ஓட வேண்டிய ஊசி 5 கிராமில் உழுதிருக்கிறது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த தட்டுகள் எவை என்று கேட்கவே வேண்டாம். சாம்பல் பூத்து, பாட்டை விட இரைச்சல் அதிகமாக வருபவைதான் அவை. 2011-இல் காசு செல்லாமல் போனது. பிளேயர் மூடிக்குள் இன்னும் செலோ டேப்பில் ஒட்டியிருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை.

ஒரு சந்தேகம். தாத்தா காலத்து 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை) பத்து இருக்கின்றன. 1956-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர் அல்லவா, அதில் பாதி மலையாளம். பூஞ்சை பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?

வடசேரி

அய்யோ அண்ணாச்சி, ஸ்பிரிட் பாட்டிலை முதலில் தூர வையுங்கள்! எல்.பி. என்றால் ஓரளவு தாங்கும். 78 தட்டு அரக்கில் செய்தது. தச்சர்கள் பாலீஷ் போட ஸ்பிரிட்டில் கரைக்கிறார்களே, அதே அரக்குதான். பாட்டு கரைந்து உங்கள் துணியோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், இப்போதைக்கு அது போதும். எல்.பி. ஊசியிலும் போட வேண்டாம். 78-க்கு வேண்டிய ஊசி முனை ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது, சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து கரகரக்கும்.

பைக்கில் வைத்துக் கொண்டுவந்துவிடாதீர்கள். அருமனை ரோட்டில் ஒரு குழி போதும், பத்தும் ஓடாக நொறுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன். எண்ணெய் ஏதாவது தேய்த்திருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.