1943 லாங் பிராஞ்ச் லீ-என்ஃபீல்ட் ஒண்டு வாங்கினனான், மரத்தை உரஞ்சலாமோ?

ஸ்காபரோ_பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் ஒரு வயசான வெள்ளைக்காரரிட்ட லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 எண்ட பழைய பட்டாளத் துவக்கு ஒண்டு 380 டொலருக்கு வாங்கினனான், அவற்றை தகப்பன் மான் வேட்டைக்கு வச்சிருந்ததாம். என்னட்ட லைசென்ஸ் இருக்கு, ரெஃபரன்ஸ் நம்பர் எடுத்துத்தான் கைமாறினது, பூட்டுப் போட்டுத்தான் வச்சிருக்கிறன், அதால அந்தக் கதையை விடுங்கோ.

இடப்பக்க இரும்பில நம்பர் 4 எம்கே 1, பக்கத்தில ஒரு நட்சத்திரம், கீழ லாங் பிராஞ்ச் 1943 எண்டு வெட்டியிருக்கு. சி எழுத்துக்குள்ள ஒரு அம்புக்குறியும் இருக்கு, அது கனடா பட்டாளத்தின்ர முத்திரை. லாங் பிராஞ்ச் எங்கயடா எண்டு தேடிப் பாத்தா, இஞ்ச ரொறன்ரோப் பக்கம் நான் நாளாந்தம் வேலைக்குப் போற லேக்‌ஷோர் ரோட்டுப் பக்கம்! ஊரில சின்ன வயசில பொலிஸ்காரன்ர தோளில கண்ட த்ரீநாட்த்ரீ (.303 தோட்டாத் துவக்கு) மாதிரி ஒண்டு, பாத்தா இஞ்ச நம்மட வீட்டுக்குக் கிட்ட செய்தது.

பிரச்சினை என்னெண்டா முன்மரத்தை ஆரோ அரைவாசியில வெட்டிப்போட்டான், பரலுக்கு (துவக்குக் குழல்) மேல மூடுற மரம் ரெண்டும் இல்ல. தோளில வைக்கிற பின்கட்டையில தேன் ஊத்தின மாதிரி மினுமினுக்கிற வார்னிஷ். ஆனா பரல் வெட்டுப்படேல்ல, பயனெட் (துவக்குக் கத்தி) கொழுவுற இடம் அப்பிடியே இருக்கு. சாண்ட்பேப்பர் போட்டு உரஞ்சி புதுசா பொலிஷ் அடிக்கலாமோ? இரும்புக்கு கறுப்பு நிறம் ஏத்தலாமோ? அம்மா வந்து பாத்திட்டு தேங்காயெண்ணெய் பூசு எண்டுறா, சிரிக்காதேங்கோ.

கொங்கு_டெக்ஸன்

ஏனுங்க, மொதல்ல அந்த சாண்ட்பேப்பரைத் தூக்கி கராஜுக்கு வெளிய வெச்சுருங்க. மரத்துல குத்தியிருக்கற முத்திரை எல்லாம் அரை மில்லி ஆழம்கூட இருக்காது, ரெண்டு தேய்ப்புல போயிரும், போனா போனதுதான். வார்னிஷை எடுக்கறதுக்கு ஜெல் மாதிரி ஒரு ஸ்ட்ரிப்பர் விக்குது, ஆரஞ்சு வாசம் வரும், அதைப் பூசி அரை மணி நேரம் விட்டு பழைய டூத் பிரஷ்ல எடுங்க, கத்தி வேண்டாம். குழி விழுந்த எடத்துல ஈரத்துணி வெச்சு மேல இஸ்திரிப் பெட்டியை ரெண்டு செகண்ட் வைங்க, ஆவில மரம் தானா மேல எந்திரிச்சு வரும், பாக்கவே அழகா இருக்கும்.

அம்மாகிட்ட சொல்லுங்க, தேங்காயெண்ணெய் காயாதுங்க, பிசுபிசுன்னு அப்படியே நின்னு தூசி எல்லாம் புடிச்சு ஒரு மாசத்துல சிக்கு வாசம் வரும். ராணுவத்துல போட்டது பச்சை லின்சீட் ஆயில், அதான் நம்ம ஆளிவிதை எண்ணெய். காத்துல காஞ்சு இறுகும். உள்ளங்கைல கொஞ்சமா ஊத்தி சூடு ஏற தேய்ங்க, மிச்சத்தைத் தொடச்சு எடுத்துருங்க, ரெண்டு மூணு நாள் விட்டு மறுக்கா. தொடச்ச துணியைச் சுருட்டி குப்பைல போட்டுறாதீங்க, தானாவே சூடேறி தீப்புடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க.

என் கதை ஒண்ணு. நான் மொதமொதல்ல வாங்குனது இந்தியாவுல இஷாப்பூர்ல செஞ்ச நம்பர் 1, இதுக்கு முந்தின மாடல். பின்கட்டை லேசா ஆடுதேன்னு பெரிய ஸ்க்ரூட்ரைவரை உள்ள விட்டு பின்கட்டையைப் புடிச்சிருக்கற திருகு போல்ட்டைத் திருகுனேன், பட்டுனு ஒரு சத்தம். முன்மரம் பின்னாடி ரெண்டா பொளந்துருச்சு. அந்த போல்ட்டோட நுனி சதுரமா இருக்கும், முன்மரத்துக்குள்ள இருக்கற ஒரு தகட்டுல மாட்டியிருக்கும், முன்மரத்தைக் கழட்டாம திருகுனா போல்ட் தகட்டையும் சேத்துத் திருப்பி மரத்தைக் கிழிச்சுரும். எண்பது வருசம் பொளக்காம இருந்ததை நான் பத்தே செகண்டுல பொளந்தேன்.

பழைய_இரும்பு

தம்பி டெக்ஸன் சொன்னது நம்பர் 1க்குத்தான், நம்பர் 4இல அந்தத் தகடு இல்ல. எண்டாலும் முதல்ல முன்மரத்தைக் கழட்டிப் பழகிறது நல்லது.

பெடியன், நீங்கள் மரத்தைப் பற்றியே கதைக்கிறியள், முதல்ல நட்சத்திரத்தைப் பாருங்கோ. இஞ்ச போல்ட் எண்டுறது திருகு இல்ல, தோட்டாவைத் தள்ளிப் பூட்டுற இழுவைக் கம்பி; அதின்ர முன்முனைதான் போல்ட் ஹெட். நட்சத்திரம் போட்டதில போல்ட் ஹெட்டைக் கழட்டுறதுக்கு தனி கொக்கி இல்ல, யுத்தகாலத்தில வேலையைச் சுருக்க அதை விட்டிட்டு போல்ட் ஓடுற தண்டவாளத்தில ஒரு வெட்டு மட்டும் போட்டாங்கள். அந்த வெட்டின்ர விளிம்பு கன வருச இழுவையில உடைஞ்சு போறது உண்டு. உடைஞ்சிருந்தா போல்ட்டை பின்னுக்கு இழுக்கேக்க போல்ட் ஹெட் அந்த இடத்தில துள்ளி வெளிய வந்திடும். டோர்ச் அடிச்சு, விரல் நகத்தால தடவிப் பாருங்கோ.

அடுத்தது போல்ட்டில இருக்கிற சீரியல் நம்பர் ரிசீவர் (போல்ட் ஓடுற இரும்பு உடம்பு) நம்பரோட ஒத்துப்போகுதோ? ஒத்துப்போகாட்டி ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கு முன்னால தோட்டா இருக்கிற இடைவெளி, அளக்காமல் ஒரு ரவுண்டும் சுடாதேங்கோ. த்ரீநாட்த்ரீ தோட்டாவுக்கு பின்னால விளிம்பு இருக்கு, அந்த விளிம்பு இருக்கிற இடைவெளியைத்தான் அளக்கிறது, 0.064 அங்குலக் கேஜில (அளவுக்கட்டை) போல்ட் பூட்ட வேணும், 0.074இல பூட்டக்கூடாது. நம்பர் 4க்கு போல்ட் ஹெட் 0, 1, 2, 3 எண்டு நாலு சைஸ், நம்பர் கூடக்கூட நீளம் கூடும், இடைவெளி கூடினா அடுத்த நம்பரைப் போட்டு சரிசெய்யலாம். கேஜ் இல்லாட்டி துவக்கு திருத்துற கன்ஸ்மித்திட்ட குடுங்கோ. பரலுக்குள்ள ரெண்டே ரெண்டு குரூவ் (சுருள் பள்ளம்) கண்டா பயப்படாதேங்கோ, யுத்தகாலத்தில அப்பிடியும் செய்தவங்கள், நல்லாச் சுடும்.

பரல் வெட்டாததுதான் உங்கட அதிஷ்டம், வெட்டியிருந்தா வேட்டைத் துவக்காவே விடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். முன்மரம், மேல்மரம் ரெண்டு, மரத்தைப் பிடிக்கிற இரும்புப் பட்டிகள் எல்லாம் தேடி எடுக்கலாம். ஆனா ஓடரில வந்த முன்மரத்தை அப்பிடியே பூட்டி சுடக்கூடாது. பின்பக்கத்தில ரிசீவரோட முட்டுற ரெண்டு முகம் இருக்கு, அது இறுக்கமா சமமாப் பிடிக்க வேணும், இல்லாட்டி உதைப்பு முழுக்க மரத்தில ஏறி வெடிக்கும். நுனியில பரலை மரம் கொஞ்சம் மேல தள்ளிக்கொண்டும் இருக்க வேணும். மரவேலை தெரிஞ்சவனுக்கும் ரெண்டு சனி, ஞாயிறு போகும்.

இரும்புக்கு நிறம் ஏத்தாதேங்கோ. கறள் உள்ள இடத்தில எண்ணெய் விட்டு மெல்லிய ஸ்டீல் வூலால மெதுவா எடுங்கோ, கறள் போகும், பழைய கறுப்பு நிக்கும்.

லாங் பிராஞ்சில இதைச் செய்தது ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிட்டெட், 1940இல தொடங்கின அரசாங்க கொம்பனி. வேலை செய்ததில பெரும்பாலும் பொம்பிளையள். இன்ஸ்பெக்‌ஷன் பில்டிங் இன்னும் மிஸிசாகாவில நிக்குது, இப்ப அது கலை மண்டபம், ஒருக்காப் போய்ப் பாருங்கோ. வடக்கில கனேடியன் ரேஞ்சர்ஸ் எண்ட பட்டாளப் பிரிவு 1947இல இருந்து நம்பர் 4 தான் வச்சிருந்தவை, புதுத் துவக்கு குடுத்தது 2018இல இருந்துதான். அந்தக் குளிருக்கு இதுதான் சிக்காமல் ஓடும் எண்டு சொல்லுவினம்.

அடையார்_பையன்

செம்ம த்ரெட் ப்ரோ. இங்க சென்னைல இந்த மாதிரி ஒண்ணு வாங்க முடியுமா, லைசென்ஸ் அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்

கொங்கு_டெக்ஸன்

இந்தியாவுல த்ரீநாட்த்ரீ ப்ரோஹிபிட்டட் போர், அதாவது பொதுமக்களுக்குத் தடை செஞ்ச தோட்டா அளவு தம்பி, மறந்துருங்க. அதனாலதான் நம்மூர்ல ஆர்டினன்ஸ் ஃபேக்டரி இதே ஆக்‌ஷன்ல .315 செஞ்சு வித்தாங்க. எங்க தாத்தா தோட்டத்துல காட்டுப்பன்னிக்கு அதான் வெச்சிருந்தார்.

ஸ்காபரோ_பெடியன்

அண்ணை ரெண்டு பேருக்கும் நன்றி. பாத்தனான். போல்ட் நம்பர் ஒத்துப்போகுது, ஹெட் 2ஆம் நம்பர். தண்டவாளத்தில அந்த வெட்டின்ர விளிம்பில அரிசி அளவில ஒரு துண்டு இல்ல, ஆனா இழுக்கேக்க துள்ளேல்ல. கன்ஸ்மித்திட்ட சனிக்கிழமை கொண்டுபோறன், அதுவரைக்கும் சுடமாட்டன்.

வார்னிஷ் ஜெல்லில கழண்டிட்டுது. வலப்பக்கக் கட்டையில வார்னிஷுக்குக் கீழ அந்த சி-க்குள்ள அம்பு, நல்ல தெளிவா! உரஞ்சியிருந்தா போயிருக்கும். ஆனா மரம் முழுக்கப் பழைய கிரீஸ் ஊறிக் கிடக்கு, துடைக்கத் துடைக்க வருது.

பழைய_இரும்பு

கறுப்பு குப்பை பாக்கில பேப்பர் துவாய் சுத்திப் போட்டு வெயில் நாளில காருக்குள்ள டாஷ்போர்டில வையுங்கோ. மரத்தை மட்டும், துவக்கை இல்ல.

ஸ்காபரோ_பெடியன்

வச்சனான். பாக்கைத் திறக்க பேப்பர் துவாய் எல்லாம் கோப்பி நிறம். கார் மூண்டு நாளா மணக்குது, மனுசி கோயிலுக்கு பஸ்ஸில போறா. முன்பக்க மேல்மரம் மட்டும் இன்னும் கிடைக்கேல்ல, ஆரிட்டயும் சும்மா கிடந்தா சொல்லுங்கோ, வால்நட் எண்டா நல்லம், நிறம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்ல.