மறு: ஸ்ட்ரெய்னருக்கு ‘நீரரி’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

படகின் பழைய நன்னீர்க் குழாய் இணைப்புகளை மாற்றுவது பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதிவரும் நண்பர் கேட்டது நேரான கேள்வி. ஃபில்டர், ஸ்ட்ரெய்னர் இரண்டுக்கும் ‘வடிகட்டி’ என்றே போட்டுவிடலாமா, தனித்தனிச் சொல் வேண்டுமா? ஒன்றே போதும், வாசகர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த இடத்தில் எதை வைப்பது என்பதைச் சொல்லித்தரத்தான் அந்தக் கையேடே எழுதப்படுகிறது. அதைப் படிப்பவர் இடத்தைப் பார்த்துச் சொல்லின் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். தொட்டியில் இருக்கும் நீரைப் பம்பு உறிஞ்சி, அழுத்தம் கொடுத்துக் குழாய்களுக்கு அனுப்புகிறது. சிறு படகுகளில் இது பெரும்பாலும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்பு, அதாவது ரப்பர் சவ்வு அசைந்து நீரைத் தள்ளும் வகை. அதற்குள் நீரை ஒரே பக்கமாக விடும் சிறிய ரப்பர் வால்வுகள் உண்டு. தொட்டியில் துளை போட்டபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சீவல் ஒன்று போதும். அது வால்வுக்கு அடியில் சிக்கினால் வால்வு படியாது, அழுத்தம் ஏறாது, எல்லாக் குழாயையும் மூடிவைத்தாலும் பம்பு நிற்காமல் ஓடும். இப்படி ஆகாமல் இருக்கத்தான் பம்பின் வாயிலேயே ஸ்ட்ரெய்னரை வைக்கிறார்கள். உள்ளே தெரிகிற மாதிரி ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் எஃகு வலை, அவ்வளவுதான். பழைய படகில் அந்தக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினால் சுண்ணாம்புச் செதில், மரையில் சுற்றிய வெள்ளை டேப்பின் நார், சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் சீவல் எல்லாம் வலையில் ஒட்டியிருக்கும். கிண்ணத்தை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் கழுத்தோரம் மயிரிழை விரிசலும் தெரியும்.

ஃபில்டரின் வேலை வேறு. குடிநீர்க் குழாய்க்கு அடியில் உட்காரும் கார்பன் கார்ட்ரிட்ஜை, அதாவது கூட்டுக்குள் மாட்டி அவ்வப்போது மாற்றும் கரி உருளையைச் சொல்கிறேன். அது நுண்தூசியைப் பிடிக்கிறது, குளோரினையும் கெட்ட வாடையையும் எடுக்கிறது. ஸ்ட்ரெய்னர் பம்பைக் காக்கிறது, ஃபில்டர் குடிப்பவரைக் காக்கிறது. அளவைப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. அங்குலத்துக்கு 40 கண் உள்ள வலையில் ஒரு கண்ணின் அகலம் ஏறக்குறைய 0.4 மி.மீ., அதாவது 400 மைக்ரான். கார்பன் கார்ட்ரிட்ஜில் 5 மைக்ரான் என்பது சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. எண்பது மடங்கு வேறுபடும் இரண்டு பொருளை ஒரே பெயரில் அழைக்கப் பார்க்கிறோம்.

இப்போது ‘பம்புக்கு முன்னால் வடிகட்டியைப் பொருத்துக’ என்று அச்சிட்டால் என்ன நடக்கும்? நல்ல எண்ணத்தோடு ஒருவர் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜைக் கொண்டுபோய் உறிஞ்சும் பக்கத்தில் மாட்டுவார். பம்பு நீரைத் தள்ளும்போது 3 பார் வரை போகலாம். உறிஞ்சும்போது எவ்வளவு முயன்றாலும் வளிமண்டல அழுத்தத்தைத் தாண்ட முடியாது, அது சுமார் 1 பார். அந்தச் சின்ன இழுப்பை வைத்துக்கொண்டு நெருக்கமான கார்ட்ரிட்ஜ் வழியாக நீரைக் கொண்டுவரப் பம்பு திணறும். குழாயில் நீர் மெலியும். வரும் வழியில் ஏதாவது பழைய இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதன் வழியே காற்றையும் உள்ளே இழுக்கும். இந்தப் பக்கத்துக் கசிவு வெளியே சொட்டாது என்பதால் கண்டுபிடிக்கவும் சிரமம். அழுத்தும் பக்கத்தில் கசிந்தால் தரை நனையும், யாரும் குழாயைத் திறக்காமலே பம்பு அவ்வப்போது ஓடி நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு இடமும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகக் கவலை. பழைய இணைப்புகளை மாற்றி முடித்ததும் தொட்டியையும் குழாய்களையும் குளோரின் கலந்த நீரால் கிருமி நீக்கம் செய்வார்கள். அப்போது கார்பன் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது குளோரினை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு அப்பால் உள்ள குழாய்க்குக் குளோரின் போய்ச் சேராது, கார்ட்ரிட்ஜும் வீணாகும். ஸ்ட்ரெய்னரை அப்படிக் கழற்றவே கூடாது. குழாய் அறுத்து, மரை முறுக்கி, புதிதாகத் துளை போட்ட கையோடுதான் சீவல் அதிகமாக வரும். ‘வடிகட்டிகளைக் கழற்றிவிட்டுக் குளோரின் நீரை ஓட்டவும்’ என்ற ஒரே வரி, படிப்பவரை ஸ்ட்ரெய்னரையும் சேர்த்துக் கழற்ற வைக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இழையில் வந்தவற்றில் ‘முன்வடிகட்டி’யை ஏற்க முடியவில்லை. கார்பனுக்கு முன்னால் வண்டலைப் பிடிக்க வைக்கும் கார்ட்ரிட்ஜுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும், அதுவும் படகில் உண்டு. ‘சல்லடை’ நல்ல சொல், ஆனால் உலர்ந்ததைச் சலிக்கும் கருவியைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. ‘வலைவடிகட்டி’ என்றால் பேச்சில் முதல் பாதி உதிர்ந்துபோய் மறுபடியும் ‘வடிகட்டி’ என்றே நிற்கும். ‘வடிப்பான்’ கணினித் துறையில் வேரூன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

நான் முன்வைப்பது ‘நீரரி’.

நன்னூலில் கடை மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் நெய்யரி வருகிறது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் பொருள் அது, பன்னாடை என்றும் சொல்வார்கள். மாணவருக்கு அது குறையாக இருக்கலாம், கருவியாகப் பார்த்தால் ஸ்ட்ரெய்னர் செய்வது அச்சு அசலாக அதே வேலை. ‘அரித்தல்’ என்ற வினையும் இன்னும் வழக்கில் இருக்கிறது. நீரில் இட்டு அலைத்துக் கல்லையும் மணலையும் பிரிப்பதற்கு அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். நெய்யரி போல நீரரி. பன்னாடையையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பொருள் துல்லியம்தான், ஆனால் இன்று அது வசையாகிவிட்டது. கையேட்டில் வந்தால் வாசகரின் கவனம் அங்கேயே நின்றுவிடும்.

வேற்றுமை உருபு சேர்த்தும் பார்த்தேன். நீரரியை, நீரரியில், நீரரிகள், நீரரிக் கிண்ணம், நீரரி வலை: எங்கும் இடறவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே எடுக்கும் இடத்தில் பாசியையும் ஜெல்லி மீனையும் தடுக்க ஒரு பெரிய ஸ்ட்ரெய்னர் இருக்குமே, அதைக் ‘கடல்நீரரி’ என்றுவிடலாம். ஒரே சொல்லில் இரண்டு இடமும் முடிந்துவிடுகிறது.

இரண்டு எதிர்வாதம் வரும், வரட்டும். ஒன்று, ‘அரிப்பு’ என்றால் உலோகம் தேய்ந்து கெடுவதும்தானே என்பது. இந்தக் கையேட்டில் அது சும்மா தள்ளக்கூடியதல்ல. பழைய பித்தளை இணைப்புகளிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய், மிஞ்சியது செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகிக் கையால் அழுத்தினாலே பொடியும் கட்டம் பற்றி ஒரு பகுதியே அதில் இருக்கிறது. அதனால்தான் ‘அரிப்பான்’ வேண்டாம் என்கிறேன், அது அமிலத்தைக் குறிப்பது போலத் தொனிக்கும். உலோகம் கெடுவதற்கு ‘அரிமானம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, கையேடு முழுக்க அதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ‘நீரறி’ என்று றகரம் போட்டு எழுதிவிடுவார்கள் என்பது. எழுதுவார்கள்தான். முதல் முறை வரும்போது படத்தோடு தந்தால் சரியாகிவிடும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. குழாயை அழுத்திச் செருகினால் உள்ளே உள்ள பற்கள் பிடித்துக்கொண்டு, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நீரை அடைக்கும் இணைப்புக்கு ‘செருகிணைப்பி’ என்று முடிவானதை நான் வரவேற்கிறேன். குழாயை நேர்குத்தாக வெட்டு, பிசிறை எடு, கடைசி வரை செருகு என்ற மூன்று கட்டளைக்கும் அந்தச் சொல்லே இடம் கொடுக்கிறது. ஹோஸ் ஏறும் வரிவரியான முனைக்குப் ‘பல்முனை’ வேண்டாம். பல முனைகள் உள்ளது என்றுதான் எவரும் படிப்பார்கள். ‘முள்முனை’ இருக்கட்டும். மரை வகைகளான என்.பி.டி., பி.எஸ்.பி. ஆகியவற்றை மட்டும் தமிழாக்கவே கூடாது. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் மரையின் கோணம் என்.பி.டி.யில் 60 பாகை, பி.எஸ்.பி.யில் 55. ஒன்றில் மற்றதை முறுக்கினால் சில சுற்று ஒழுங்காக ஏறிவிட்டு அப்புறம் கசியும். வாங்கும்போது பொருளின் மேல் பொறித்திருப்பதைப் படித்துப் பார்த்தால்தான் தப்பலாம்.

என் வரைவு இது:

நீரரி: பம்புக்கு முன், உறிஞ்சும் பக்கத்தில் பொருத்தும் வலைக் கிண்ணம். பம்பைக் கெடுக்கும் துகள்களைத் தடுக்கும். கழுவி மறுபடி பொருத்தலாம்.

வடிகட்டி: பம்புக்குப் பின், குடிநீர்க் குழாயை ஒட்டிப் பொருத்துவது. நீரைக் குடிக்கத் தகுந்ததாக்க உதவும். கார்ட்ரிட்ஜைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

‘கழுவி மறுபடி பொருத்தலாம்’ என்ற பகுதியை விளக்கத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்ட்ரிட்ஜைக் கழுவி மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் என்பதற்கு எனக்கு இன்னும் திருப்தியான சொல் அகப்படவில்லை. ‘உறை’, ‘குடுவை’ இரண்டும் வெளியே உள்ள கூட்டைத்தான் குறிக்கின்றன, மாற்றப்படும் உள்பகுதியை அல்ல. யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள், அதுவரை வரைவில் கார்ட்ரிட்ஜ் என்றே விட்டிருக்கிறேன்.