மறு: ‘தற்செயல் தொடுகை’க்குப் பதில் ‘உடனிகழ் தொடுகை’?

அன்பர்களுக்கு வணக்கம். கூடைப்பந்தில் எதிராளி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுக்கும்போது (பிளாக்) நேர்கிற, ஃபவுலாகாத ‘incidental contact’-க்குத் தமிழ்ச்சொல் எது என்ற நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> ஷாட்டை பிளாக் பண்ணும்போது ஃபவுலாகாத உரசலுக்குத் ‘தற்செயல் தொடுகை’ போதுமே?

போதாது ஐயா. ‘தற்செயல்’ என்றதுமே மனம் நோக்கத்தைத் தேடிப் போய்விடும். விசில் ஊதியதும் “சார், தெரியாமப் பட்டுடுச்சு” என்று ஓடி வருகிற பையன் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறான். ஆனாலும் அது ஃபவுல்தான். ஷாட் கூடையில் விழாவிட்டால் எதிராளிக்கு 2 அல்லது 3 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு), இவன் கணக்கில் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, ஆட்டத்தை விட்டு வெளியேற்றும் 5 ஃபவுலில் ஒன்று போயிற்று. சாதாரண ஃபவுலுக்கு விதி நோக்கத்தைக் கேட்பதே இல்லை. நாம் வைக்கிற சொல் ஏன் கேட்க வேண்டும்?

‘உரசல்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. தடுப்பவர் தன் உருளைக்குள் (தன்னைச் சுற்றி மேல்நோக்கி எழும், விதி அவருக்குத் தரும் கற்பனை இடத்துக்குள்) நின்று, கைகளை உயர்த்தி, நேர்மேலே எழும்புகிறார். ஷாட் போடுபவர் பாய்ந்து வந்து அவர் மார்பில் இடித்துக் கீழே விழுகிறார். பலமான மோதல்தான், ஆனால் தடுப்பவர் மேல் ஃபவுல் கிடையாது.

> ‘பாதிப்பிலாத் தொடுகை’ எப்படி?

இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. தொடுகையால் யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று நடுவர் எடைபோட வேண்டும் என்றுதான் ஃபிபாவும் சொல்கிறது. பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் மணிக்கட்டில் ஒரு விரல் பட்டாலே ஷாட் கெட்டுவிடும். தோளில் நன்றாக இடித்தும் கெடாமல் போவதுண்டு. ஆனால் முன்பு சொன்ன மோதலில் ஷாட் போட்டவர் விழுந்தாரே, அவருக்குப் பாதிப்பு இல்லையா? அந்த இடத்தில் இந்தச் சொல் கைவிட்டுவிடுகிறது.

என் முன்மொழிவு ‘உடனிகழ் தொடுகை’. மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் என்று பள்ளியில் படித்தோமே, ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்று, அதிலிருந்துதான் எடுத்தேன். அங்கே ‘ஓடு’ ஏற்பவர் தலைமை, மற்றவர் கூட வருபவர். நடுவராக விசில் வாயில் இருக்கும்போது நானும் இப்படித்தான் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். ‘பந்தைத் தட்டியதோடு கையும் பட்டது’ என்று சொல்ல முடிந்தால் ஆட்டம் ஓடட்டும். ‘கையை அடித்ததோடு பந்தும் பட்டது’ என்றுதான் சொல்ல வருகிறது என்றால் ஊதிவிட வேண்டும். பந்தின் மேல் இருக்கும் கை பந்தின் பகுதியே என்கிற, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் விதியும் முதல் வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘உடன்’ என்பதைக் கால வரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “முதல்ல பந்தைத்தானே தொட்டேன்” என்ற வாதத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் அந்தரத்தில் இருப்பவரை இடுப்பில் இடித்துத் தள்ளினால் அந்த இடி தனிச்செயல். எழும்பியவருக்குத் தரையிறங்க இடம் வேண்டும். அதைப் பறித்தபின் பந்து முதலில் பட்டதா என்ற கேள்விக்கே வேலையில்லை.

‘தொடுகை’யா ‘மெய்த்தொடுகை’யா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மைதானத்தில் நீளமான சொல் நிற்காது என்பதால் முதலாவதே போதும் என்பேன்.

அகராதிக்கு எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘பிளாக்கின்போது விரல்கள் மோதியதை உடனிகழ் தொடுகையாகக் கொண்டு நடுவர் ஆட்டத்தைத் தொடரவிட்டார்.’

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் நேர்மேலே எழும்பியவர் மீது ஷாட் போடுபவர் இடித்த அந்த மோதலையும் கணக்கில் எடுத்து எழுதுங்கள்.